செவிப்பறை நல்ல நிலையில்

எங்கள் தெருவில் யாருக்காவது லேசாக இருமல் வந்தால்கூட முதலில் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். "அரை டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். என் அண்ணிக்குத் தெரு வைத்த பெயர் அது. அண்ணி மருத்துவம் படித்தவள் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தையெல்லாம் ஒரு மெஷினில் பேசிப் பதிவு செய்து விடுவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். "டாக்டரைக் காலால மிதிச்சு வாயடைக்கிறவ உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்று பெருமை அடித்துக்கொள்வாள்.

அண்ணி என்னைவிடச் சின்னவள். ஆனாலும் முறை முறைதானே, அண்ணி என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். அவள் என்னை "போலீஸ்" என்று கூப்பிடுவாள். நான் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பேனாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன், அண்ணன் வீட்டில் இருக்கிறேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எலியும் பூனையும்தான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சண்டை போடத்தான் செய்தோம். ஆனால் அண்ணன் பஸ் ஓட்டப் போய்விட்டால் அந்த வீட்டில் பேசுவதற்கு ஒருத்திக்கு ஒருத்தியை விட்டால் எங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

பேச வேண்டுமென்றால் அவளுக்கு வலது பக்கமாகத்தான் உட்கார வேண்டும். சின்ன வயதில் அவளுக்கு இடது காதில் சீழ் வடிந்ததாம். "வளந்தா தானா சரியாப் போயிடும்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவள் வளர்ந்தாள், காது செத்துப்போனது. இடது பக்கம் இடி விழுந்தாலும் தெரியாது. ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடுகிற வசதி அவளுக்குக் கிடையாது. வாங்கியதெல்லாம் உள்ளேயே இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன சுடுசொல்லைக்கூட அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வாள்.

இருந்த அந்த ஒரு காதை வைத்துக்கொண்டு அவள் செய்த வேலையைப் பார்க்க வேண்டுமே! ரயில் வேகத்தில் பேசுகிற டாக்டர், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிற டாக்டர், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர் என்று எல்லோரையும் குரலை வைத்தே அடையாளம் சொல்வாள். ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. டாக்டர்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் சொல்வார்கள், இதயத்துடிப்பு சீராக உள்ளது, நுரையீரல் தெளிவாக உள்ளது என்று. அப்படிப்பட்ட வரிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் சுருக்கு வைத்திருந்தாள். இரண்டு எழுத்தைத் தட்டினால் முழு வரியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அவர் வாயைத் திறக்கிறப்பவே நான் முடிச்சிடுவேன்" என்பாள். கம்பெனியில் அவளுக்கு மிஞ்சின ஆள் இல்லை.

தலையணை உறையில்தான் நான் முதலில் பார்த்தேன். வீட்டுத் துணியையும் கடைக்கு எடுத்துப்போய் இஸ்திரி போட்டுவிடுவது என் வழக்கம். அண்ணி படுக்கிற தலையணையின் உறையில் மஞ்சளாக ஒரு திட்டு, துவைத்த பிறகும் போகாமல், கஞ்சி போட்டது போல விறைப்பாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் ஒரு வாடை கிளம்பியது. சலவைக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு எந்தக் கறையும் அருவருப்பு இல்லை. ஆனால் அந்த வாடை என் மூக்கைவிட்டுப் போகவில்லை. செத்த எலி கிடக்கிற பரணைத் திறந்தால் வருமே, அப்படி.

சாயங்காலம் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்து நிறுத்தினேன். வலது காதில் பஞ்சு. அதை எடுத்தால் மஞ்சளும் பச்சையுமாக ஊறிக் கிடந்தது.

"அண்ணி, இது எத்தனை நாளா?"

"போலீஸ் வந்தாச்சா? ஒண்ணும் இல்ல. தலைக்குக் குளிச்சேன், தண்ணி போயிடுச்சு. வெளிக்காதுல புண்ணு."

"வலிக்குதா?"

"வலியே இல்ல. வலிச்சாத்தானே பயப்படணும்?"

"ஏற்கெனவே ஒரு காது இப்படித்தானே போச்சு?"

அவள் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு சிரித்தாள். "அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இப்ப நான் இருக்கேன்ல. இந்த மாதிரி எத்தனை காதுக்கு அடிச்சிருக்கேன் தெரியுமா?"

"அடிச்சது போதும். டாக்டரைப் போய்ப் பாருங்க."

அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். "போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். காதுல தண்ணி படக் கூடாது, பஞ்சு வச்சு அடைக்கக் கூடாது, எண்ணெய் ஊத்தக் கூடாது, ஹெட்போன் மாட்டக் கூடாது. ஹெட்போன் மாட்டாம நான் என்ன வேலை பாக்கிறது? உன்கூட வந்து இஸ்திரி போடவா?"

இஸ்திரி போடுவது என்ன அவ்வளவு கேவலமா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அன்றைக்குப் பேச்சு திசை மாறிவிட்டது. எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான், முக்கியமான பேச்சு வரும்போது ஒன்றுக்கும் உதவாத சண்டை குறுக்கே வந்துவிடும்.

கம்பெனியில் ஒரு ஷிஃப்ட்டில் இவள் மாட்டிய ஹெட்போனை அடுத்த ஷிஃப்ட்டில் இன்னொருத்தி மாட்டுவாள். ஸ்பாஞ்சில் ஈரம் பட்டால் புகார் போய்விடும். அதனால் பஞ்சை நன்றாகத் திணித்து, அதன்மேல் ஹெட்போனை அழுத்தி மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஊறியது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே புழுங்கியது. இதெல்லாம் கூடாது என்று அவளே ஆயிரம் பேருக்கு டைப் அடித்தவள். டாக்டர்கள் சொன்னதை விரல் எழுதியதே தவிர மண்டைக்குள் போகவில்லையோ என்று நான் நினைத்ததுண்டு. அப்படியும் இல்லை. தெரிந்தும்தான் செய்தாள். அந்தக் காது போனால் வேலை போகும், வேலையை விட்டால்தான் காது பிழைக்கும். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

மருந்தும் அவளே முடிவு செய்தாள். வெளிக்காதுப் புண்ணுக்கு டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிற சொட்டு மருந்து அவளுக்கு மனப்பாடம். ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி என்னிடம் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் அரை டாக்டரின் கையெழுத்தைப் பார்த்ததும் மறுபேச்சு பேசாமல் எடுத்துக் கொடுத்தார். அவருடைய மனைவியின் முட்டி வலிக்கே அண்ணியிடம்தான் யோசனை கேட்கிறவர், அவர் எங்கே கேள்வி கேட்கப் போகிறார்?

மருந்து விட்டதும் சீழ் குறைந்தது. "பாத்தியா?" என்றாள். கொஞ்ச நாளில் மறுபடி வடிந்தது. மறுபடி மருந்து விட்டாள். சளி பிடித்தால் வடியும், குளித்தால் வடியும், மருந்து விட்டால் குறையும். இப்படியே மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. கடைக்குப் போகிறபோதெல்லாம் ஒரு பாட்டில் நான்தான் வாங்கி வந்தேன், சோப்பு வாங்குவது போல.

அண்ணன் இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்தான். ஒருநாள் "ரூம்ல என்ன நாத்தம்?" என்றான். அடுத்த நாள் முதல் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு படுத்தான். கெட்டவன் இல்லை. நாள் முழுக்க ஸ்டீரிங்கைப் பிடித்துவிட்டு வருகிறவனுக்குப் படுத்தால் போதும். "காது எப்படி இருக்கு?" என்று ஒரு தரம் கேட்டான். "சரியாயிட்டு வருதுங்க" என்று அவள் சொன்னாள். அவனும் அதை அப்படியே நம்பிவிட்டான். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, அவ்வளவுதான்.

பிறகு புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். காதுக்குள் குக்கர் விசில் அடிக்கிறதாம், நிற்காமல் அடிக்கிறதாம். குளித்துவிட்டு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படுக்கையிலிருந்து எழுந்தால் வீடு சுற்றுகிறது என்றாள். "ரத்தம் கம்மியா இருக்கும். இரும்புச் சத்து மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று அதற்கும் அவளே மருந்து சொல்லிக்கொண்டாள். அந்தச் சொட்டு மருந்து பாட்டிலோடு வந்த தாளை நான் ஒருநாள் பிரித்தேன். கடுகு கடுகாக எழுத்து. மடித்து வைத்துவிட்டேன். வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது நான் எதற்குப் படிக்க வேண்டும்?

கோடையின் நடுவில் சீழ் நின்றுவிட்டது.

அந்த நாள் வீடே மாறிப்போனது. அண்ணி பஞ்சை எடுத்து எங்களிடம் காட்டினாள். காய்ந்து வெள்ளையாக இருந்தது. தலையணை உறையும் சுத்தம். "அரை டாக்டர்னு சும்மாவா சொல்றாங்க?" என்று அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அண்ணன் சிரித்தான். அந்தக் கஞ்சன் மறுநாள் அவளுக்கு ஒரு ஜோடி தோடு வாங்கி வந்தான். "காது பொழச்சதுக்குக் காதுக்கே பரிசு" என்றான். அவள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அந்த வீட்டில் நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளிலேயே கம்பெனியில் அவள் அடித்த வேலை தப்பு என்று திரும்பி வர ஆரம்பித்தது. மருந்தின் அளவை மாற்றி அடித்திருந்தாள். ஒரு நோயாளிக்கு வலது காலுக்குப் பதில் இடது கால் என்று அடித்திருந்தாள். இப்படித் தப்பு செய்கிறவளே இல்லை அவள். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினாள், கூட்டிக்கொண்டே போனாள். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரி அவள் தோளைத் தட்டி, "உன் டாக்டர் பேசறது எனக்குக் கேக்குது, கொஞ்சம் குறைச்சுக்க" என்றாளாம். அதை என்னிடம் ஒரு ஜோக் போலச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அவளுக்குக் கேக்குது, எனக்குச் சரியாக் கேக்கல, போலீஸ்" என்றாள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காது மூக்கு தொண்டைப் பகுதியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். வெளியே சோதனை செய்கிற பெண் மெஷினில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அண்ணி அமுக்கவே இல்லை. பிறகு ஒவ்வொரு தடவையும் டக் டக்கென்று சரியாக அமுக்க ஆரம்பித்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து அண்ணியின் கண்ணைப் பார்த்தாள். அண்ணி கண்ணாடி வழியாக அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அசைந்தால் அமுக்கினாள்.

அந்தப் பெண் எழுந்து மெஷினை மறுபக்கம் திருப்பி வைத்தாள். அப்புறம் அண்ணியின் கட்டைவிரல் பொத்தான்மேல் அப்படியே இருந்தது.

டாக்டருக்கு நடு வயது, தூக்கம் போதாத முகம். காதுக்குள் விளக்கை விட்டு வெகுநேரம் பார்த்தார். அண்ணி என் பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "இவருக்கு நான் அடிச்சிருக்கேனான்னு தெரியல. இப்பல்லாம் எல்லார் குரலும் ஒண்ணாத்தான் கேக்குது."

"எத்தனை நாளா சீழ் வந்துச்சு? என்ன மருந்து விட்டீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதைத் திருப்பிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏறிட்டார்.

"இதை யார் எழுதிக் கொடுத்தது?"

நான் அண்ணியின் காதருகில் கத்தினேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான்தான் சார். வெளிக்காதுப் புண்ணுக்கு இதானே குடுப்பீங்க?" என்றாள்.

"வெளிக்காதுல புண்ணே இல்லம்மா. செவிப்பறையில ஓட்டை. இந்தப் பக்கத்துல இருந்து பாத்தா நடுக்காது வரைக்கும் திறந்து கிடக்கு. ஓட்டை இருந்தா இந்த மருந்தை விடவே கூடாது. உள்ள இறங்கி நரம்பைக் கெடுத்துடும். விசில் சத்தம், தலைசுத்தல் எல்லாம் வந்திருக்குமே?"

நான் தலையாட்டினேன். அண்ணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தாளை எடுத்துச் செவிப்பறை, ஓட்டை, மருந்து என்று மூன்றையும் படமாக வரைந்து காட்டினார். அவள் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

"செவிப்பறை நல்ல நிலையில் உள்ளது" என்றாள்.

"என்னம்மா?"

"மருந்து பேருக்கு முன்னாடி நீங்க எல்லாரும் அதைச் சொல்வீங்க சார். செவிப்பறை நல்ல நிலையில் உள்ளதுன்னு. அதுக்கு நான் ரெண்டு எழுத்து சுருக்கு வச்சிருந்தேன். தட்டினா அதுவே வந்துடும். அந்த வரியை நான் ஒருநாளும் படிச்சதே இல்ல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவளைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மருந்துதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இத்தனை மாசம் சீழ் வடிஞ்சதும் சேர்ந்துதான் கெடுத்திருக்கு" என்று என்னிடம் சொன்னார். அது அவளுக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை.

"சீழ்தான் நின்னுடுச்சே டாக்டர்?"

"சீழ் நின்னது நல்லதுதான். ஆனா போன நரம்பு திரும்பி வராது. மிச்சம் இருக்கிறதும் நிக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியல."

காதில் மாட்டுகிற மெஷினை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். "ஏதோ கரகரன்னு கேக்குது. என்ன பேசறீங்கன்னு புரியல" என்றாள். மண்டைக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம். படம் எடுத்துப் பார்த்ததில் இடது காதின் உள்ளே எலும்பு அடைத்துக் கிடந்தது, அதில் ஆகாது. வலது காதில் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், காது காய்ந்தே இருக்க வேண்டும், பிறகு வெகுதூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். "அங்கேயும் முடியும்னு நான் சொல்லல" என்றார். அந்த மனிதர் எதையும் பூசி மெழுகவில்லை. கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன், பழக்கதோஷம்.

"டாக்டருங்க காதைப் பாத்துட்டுதான் பேசவே ஆரம்பிப்பாங்க, போலீஸ். அவங்க பாக்கிறது பதிவுல வராது. பேசறது மட்டும்தான் எனக்கு வரும். நான் எல்லாம் தெரிஞ்சவன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்சீட்டுக்காரர் சிரித்தார். அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. "மெதுவா பேசுங்க அண்ணி" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொன்னால் மட்டும் கேட்கவா போகிறது?

வேலையிலிருந்து அவளாகவே நின்றுவிட்டாள். தெருவிலிருந்து ஆட்கள் வருவது நின்றுபோக இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. வந்து வாசலில் நின்று தலைவலி, நெஞ்செரிச்சல் என்று ஏதாவது சொல்வார்கள். அவள் என்னைப் பார்ப்பாள். நான் அவள் காதருகில் கத்துவேன். கத்திச் சொல்லக் கூடிய வியாதியா எல்லாருக்கும் இருக்கிறது? மூல வியாதிக்காரர் ஒருவர் பாதியிலேயே ஓடிப்போனார். அன்றைக்கு மட்டும் அவளும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு யாரும் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

வாரத்துக்கு வாரம் நான் அவள் காதை நெருங்கிக்கொண்டே போனேன். முதலில் அடுப்படியிலிருந்து கத்தினால் போதும். பிறகு அறைக்குள் வந்து கத்த வேண்டும். பிறகு கையைக் குவித்துக் காதோடு வைத்துக் கத்தினால்தான் "ஆங், சொல்லு" என்பாள். அண்ணன் கத்துவதையே விட்டுவிட்டான். ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டுவான். சாப்பாடு என்றால் வாய்ப்பக்கம், தண்ணீர் என்றால் கட்டைவிரல். பெண்டாட்டியிடம் பேச அவனுக்கு அவ்வளவுதான் இருந்ததோ என்னவோ. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது வெடித்தது. அண்ணி கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

"போய் என்ன கிழிக்கிறது? அந்த டாக்டரே முடியாதுன்னுட்டாரு" என்றான் அண்ணன்.

"முடியாதுன்னு சொல்லல. முடியும்னு சொல்லல, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான். உனக்கென்ன, பேசிட்டுப் போயிடுவ. அந்த மருந்தை மாசா மாசம் வாங்கிட்டு வந்து குடுத்தது யாரு? நீதானே? அவதான் அறிவில்லாம எழுதிக் குடுத்தான்னா நீ கூடவா யோசிக்க மாட்ட?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நானா? ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, நாத்தம் தாங்காம தலையணையைக் கால்மாட்டுக்கு மாத்திப் போட்டவன் நீ! ஒரு நாளாவது விளக்கைப் போட்டு அவ காதுக்குள்ள பாத்தியா? தோடு வாங்கி மாட்டினியே, அப்பவாவது பாத்தியா?"

"என்னைப் பேச வைக்காத. செவிட்டுப் பொண்டாட்டியை வச்சுக்கிட்டு இனிமே காலம் பூரா நான்தான் கையைக் காட்டிக்கிட்டு நிக்கணும். நீ நிப்பியா?"

"நிப்பேன்! நீ போ, எங்கேயாவது போ! நான் நிக்கிறேன்!"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். அண்ணன் பஸ் ஸ்டாண்டில் கத்துகிற மாதிரி கத்தினான். நான் அவனுக்கு மேலே கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நாங்கள் நிறுத்தவில்லை. அவளைப் பற்றி வாயால் சொல்லக் கூடாததையெல்லாம் அவள் எதிரிலேயே சொன்னோம். முந்தின நாள்வரை இந்தக் கத்தலில் ஏதோ கொஞ்சமாவது அவளுக்குக் கேட்டிருக்கும்.

அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். வருத்தப்படுகிற குழந்தைகளைச் சமாதானப்படுத்துகிறவள் போல இருந்தது அந்தச் சிரிப்பு.

"எதுக்கு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிறீங்க? என்னைப் பத்தித்தானே? டாக்டர் ஏதாவது சொல்லி அனுப்பினாரா? பரவால்ல, சத்தமாவே சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்."

அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி சுவரைத் தட்டினார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்கப்பா! தெருவே நின்னு கேக்குது!"